மேஸ்திரி கக்கின குழம்பு

எங்க வளவுல ஒரு பூனை இருக்கு, அதுக்கு மேஸ்திரின்னு பேரு. அந்த மேஸ்திரி ஒரு நாள் மத்தியானம் குழாயடியில எங்க எல்லாரு கண்ணு முன்னாலயும் முதுகை வளைச்சு, வயித்தை எக்கி, தொண்டைக்குள்ள மோட்டார் ஓடுற மாதிரி ஒரு சத்தம் போட்டு, சீலா மீன் குழம்பை வாந்தி எடுத்துச்சு. பூனை வாந்தி எடுக்கறதுல என்ன அதிசயம், புல்லைத் தின்னா எடுக்கும், மயிரை நக்கினா எடுக்கும், பல்லியைப் பிடிச்சா எடுக்கும், எல்லாம் நாங்க பாத்ததுதான். ஆனா இது எடுத்தது செமிக்காத சக்கை இல்ல. நடுமுள்ளோட முழுசா ஒரு துண்டம், தோலோட மாங்காய்க் கீத்து, ஒரு கொத்து கறிவேப்பிலை, மேல எண்ணெய் மிதக்க, அடுப்புல இருந்து இப்பத்தான் இறக்கின மாதிரி ஆவி பறக்கக் கிடந்துச்சு. வாசனை தெருக்கதவு வரைக்கும் போச்சு.

"ஏ கனியக்கா, உன் மேஸ்திரி குழம்புல வாயை வச்சிருச்சு பாரு!"ன்னு முத்துப்பேச்சி கத்தினா.

"ஆமாட்டி, சட்டியை மூட மறந்துட்டேன்"ன்னு அக்கா சொன்னா. அதோட முடிஞ்சிது. ஒரு செம்புத் தண்ணியை ஊத்தித் தள்ளிவிட்டோம். நாங்க ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, ஏன்னா கொஞ்சம் முன்னாலதான் அக்கா எங்ககிட்ட சொல்லியிருந்தா, இன்னைக்கு எங்க வீட்டுல சீலா மீன் குழம்பு, மாங்காய் போட்டதுன்னு.

தூத்துக்குடியில எங்க பக்கம் வளவுன்னா இப்படித்தான்: தெருவைப் பாத்து ஒரே ஒரு இரும்புக் கதவு, உள்ள எதிரும் புதிருமா ஓட்டு வீடுக, நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு குழாய், அதைச் சுத்தி சிமெண்டுத் தளம். ஒரு வீட்டுல மிளகா வதக்கினா எதிர்வீட்டுல தும்முவாங்க, ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா மத்த வீடுகள்ல டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேப்போம். பூனைக்கு மேஸ்திரின்னு பேரு வச்சதும் நாங்கதான். காலையில மதில் மேல ஏறி, தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு, கல்லு வரிசை நேரா இருக்கான்னு பாக்குற மாதிரி ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு நடந்து போகும். காரை பேந்த இடத்துல நின்னு ஒரு தட்டு தட்டும். கொத்தனாரே தோத்தான். பொதுவாத் திரிஞ்சாலும் அது கடைசி வீட்டு சண்முகக்கனி அக்காவோட பூனை. அக்காவுக்குப் புருஷன் இல்ல. ஒரே மகன் சுயம்பு, மெட்ராஸ்ல பைக்குல வீடு வீடா சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கற வேலை. அக்கா இறால் கம்பெனியில தோடு உரிக்கப் போய்க்கிட்டு இருந்தா, அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. அதுக்குப் பிறகு எப்படிப் பொழுது ஓடுதுன்னு நாங்க கேக்கல. கேக்கவும் தேவைப்படல, ஏன்னா அவ தினமும் என்ன சாப்பிட்டான்னுதான் எங்களுக்கு நல்லாத் தெரியுமே.

எங்க ஊர்ல ஒருத்தி இன்னொருத்தியைப் பாத்தா "சாப்டாச்சா"ன்னு கேக்கணும். அவ "ஆச்சு"ங்கணும். "என்ன குழம்பு"ன்னு கேக்கணும். அவ ஏதாவது ஒரு குழம்பைச் சொல்லணும். அம்புட்டுத்தான். கேக்காமப் போனா, என்ன மூஞ்சியைத் திருப்பிட்டுப் போறான்னு வருத்தம் வந்துரும். "சாப்பிடல"ன்னு சொல்லிட்டாலோ அதைவிட வம்பு. கேட்டவ வீட்டுக்குக் கூப்பிடணும், இவ வேண்டாம்னு மறுக்கணும், அவ கையைப் பிடிச்சு இழுக்கணும், இவ தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், கடைசியில ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். யாருக்கு நேரம் இருக்கு? அதனால "ஆச்சு". பசியோட இருக்கறவளும் "ஆச்சு"தான், தின்னு ஏப்பம் விட்டவளும் "ஆச்சு"தான்.

ஆனா கனியக்கா சொல்ற "ஆச்சு" எங்க யாருக்கும் வராது. "நடுத்துண்டமா வெட்டச் சொன்னேன்ட்டி, வால் பக்கம் வேண்டாம்னுட்டேன். தேங்காயை மைய அரைக்கல, கொறகொறன்னு விட்டேன். புளி கம்மி, புளிப்புக்கு மாங்காய் இருக்குல்லா. இறக்குறப்போ ரெண்டு சின்ன உள்ளியைத் தட்டித் தாளிச்சு ஊத்தினேன் பாரு..." அவ சொல்லச் சொல்ல எங்க வாய்க்குள்ள எச்சி ஊறும். முத்துப்பேச்சி குடம் நிறைஞ்சு வழியறதைக்கூடப் பாக்காம நிப்பா. என் வீட்டுல வெறும் ரசமா இருக்கற அன்னைக்கு, அக்கா சொன்ன குழம்பை நெனச்சுக்கிட்டே நான் ரெண்டு கை சோறு கூடுதலா அள்ளியிருக்கேன். நாங்க அவகிட்ட கேட்டதே அதுக்காகத்தான், கதை கேக்கற மாதிரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. "கவிச்சி கிடையாது, முருங்கைக்கா சாம்பார், அவியல், அப்பளம்"னு அக்கா சொல்லி வாயை மூடல, மதில்ல நடந்துக்கிட்டு இருந்த மேஸ்திரி தடுமாறிக் கீழ குதிச்சு, குழாயடிக்கு வந்து, முதுகை வளைச்சு, முருங்கைக்காய், அவியல், கடைசியா அப்பளம்னு வரிசையா எடுத்து வச்சுச்சு. பூனை அப்பளம் கக்கி நீங்க பாத்திருக்க மாட்டீங்க, நாங்க பாத்தோம், ஒரு ஓரம்கூட நொறுங்காம, வட்டமா, பொரிஞ்சு. அதுக்கு அடுத்து இடியாப்பமும் சொதியும். அதுக்கு அடுத்து நெத்திலி அவியல். பின்ன சுறாப்புட்டு. அக்கா வாயால எது வந்துச்சோ, அது கொஞ்ச நேரத்துல மேஸ்திரி வாயால வந்துச்சு. காக்கா தலையைச் சாய்ச்சுப் பாக்கும், கொத்தாமப் போயிரும். எறும்பு மொய்க்காது. தண்ணி ஊத்தினா ஒரு கறைகூட இருக்காது.

நாங்களும் பழகிட்டோம். முத்துப்பேச்சி குனிஞ்சு பாத்து, "இந்தா பாரு, சீரகத்தை அரைச்சுத்தான் ஊத்தியிருக்கா, நான் அன்னைக்கே சொன்னேன்லா"ன்னு பாடம் படிச்சுக்கிட்டா. மருந்துக்கடையில வேலை பாக்குற மெர்சி, "உப்பு கொஞ்சம் தூக்கல்"னு வாசனையை வச்சே தீர்ப்புச் சொன்னா. ஆட்டோ ஓட்டுற எங்க வீட்டுக்காரர் செந்தூர்பாண்டிக்கு எல்லாமே கேலிதான். "ஏட்டி கோமு, இப்படி ஒரு பூனை நம்ம வீட்டுலயும் இருந்தா நீ அடுப்பே பத்த வைக்க வேண்டாம்"ன்னாரு. ஒத்தை ஆளு எதுக்கு இம்புட்டு வகை சமைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. தோணினாலும் பதிலு ரெடியா வச்சிருந்தோம்: மகன் மெட்ராஸ்ல இருந்து பணம் அனுப்புதான், அக்கா ஆசைதீரச் சாப்பிடுதா. சுயம்புவுக்கும் சாப்பாட்டுக்கு என்ன குறை, விடிஞ்சா அடைஞ்சா ஓட்டல் வாசல்லதான நிக்கான், பிரியாணிப் பையை முதுகுல கட்டிக்கிட்டுத் திரியறவன் பட்டினியாவா கிடப்பான்?

ஆனா பூனை இளைச்சுக்கிட்டே போச்சு. அது கக்கின குழம்பு அதோட வயித்தைவிடப் பெருசா இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் உடம்புல இருந்து கொஞ்சத்தைச் சேத்து எடுத்துக்கிட்டுதான் வெளிய வந்துச்சோ என்னவோ. விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சுது. மதில் மேல ஏற முடியல. குழாயடி நிழல்ல படுத்துக்கிட்டு, எதிர்ச்சுவரை மட்டும் ஒரு பார்வை பாக்கும். அக்கா அதை மடியில போட்டு வயித்தைத் தடவிக்கிட்டே இருந்தா. ஓமத்தண்ணி கொடுத்தா, அது துப்பிருச்சு. அருகம்புல்லைப் பறிச்சு வச்சா, மோந்துகூடப் பாக்கல. மெர்சி கொண்டு வந்த உப்புச் சர்க்கரைத் தண்ணியைப் பஞ்சுல நனைச்சு வாயில விட்டா. கண்ணேறு பட்டிருக்கும்னு முத்துப்பேச்சி மிளகா வத்தலைச் சுத்தி அடுப்புல போட்டா, கார நெடி எல்லாரையும் இரும வச்சுதே தவிர ஒண்ணும் நடக்கல. "எனக்கு இதை விட்டா யாருட்டி இருக்கா"ன்னு அக்கா ஒரு தடவை சொன்னா. மகன் இருக்கான்லான்னு நான் சொல்ல வந்தேன். அவ மூஞ்சியைப் பாத்துட்டு சொல்லல.

அடுத்த நாள் விடியக்காலம் நான் போயி அவ கதவைத் தட்டி, "கெளம்புக்கா, மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருவோம்"னு கூப்பிட்டேன். பூனையை ஒரு பழைய சேலையில பொதிஞ்சு எடுத்துக்கிட்டா. எங்க வீட்டுக்காரர் ஆட்டோவுல கொண்டு போய் விட்டாரு. ஆடு, மாடு, கோழின்னு எங்களுக்கு முன்னால ஒரு கூட்டம். டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, நல்லாப் பேசினா.

"என்ன சாப்பாடு கொடுக்கீங்கம்மா?"

"பால்சோறுதான் டாக்டர். மீனு உண்டு. ஒரு நேரம்கூட நான் குறை வச்சதில்ல."

மேஸ்திரி அந்த இரும்பு மேசை மேலயே பால்சோத்தையும் ரெண்டு துண்டு மீனையும் கக்கிச்சு. டாக்டர் ஒதுங்கி நின்னு, துடைக்கச் சொல்லிட்டு, வயித்தை அமுக்கிப் பாத்தா, ஸ்கேன் கருவியை வச்சுப் பாத்தா, மறுபடியும் வச்சுப் பாத்தா. அப்புறம் கையைக் கழுவிக்கிட்டே சொன்னா: "இது வயித்துல ஒண்ணுமே இல்லம்மா. ரொம்ப நாளா சரியா எதுவும் உள்ள போகல. இப்ப வெளிய வந்தது இது தின்னது இல்ல. அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, பூனை பட்டினி கிடக்கக் கூடாது, ஈரல் கெட்டுரும். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனா பிழைக்காது. எப்ப எப்ப வாந்தி எடுக்குதுன்னு கவனிங்க, அதை நிறுத்துங்க."

பூனைக்கு ட்ரிப்ஸ் ஏத்தி முடிச்சு நாங்க எந்திரிக்கறப்போ, அக்கா லேசாத் தள்ளாடினா. டாக்டர் அதைப் பாத்துட்டு, "என்னம்மா, நீங்க சாப்டீங்களா?"ன்னு கேட்டா.

"ஆச்சு டாக்டர். வரும்போதே நாலு இட்லி, தேங்காச் சட்னி"ன்னு அக்கா சொன்னா.

சேலைப் பொதிக்குள்ள மோட்டார் சத்தம் கேட்டுச்சு. நாலு இட்லி. தேங்காச் சட்னி. விடியக்காலத்துல இருந்து நான் அவகூடத்தான் இருக்கேன். அவ வீட்டுக்குள்ள நின்னேன், அடுப்பு மேல ஒரு சட்டி கவுந்து கிடந்துச்சு, அடியில தூசி. ஒரு இட்லியையும் நான் பாக்கல. எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுது, உறைச்சது என் மூஞ்சியிலயும் தெரிஞ்சிருக்கும், ஏன்னா அக்கா என்னைப் பாத்த உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நானும் குனிஞ்சுக்கிட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் ஆட்டோவுல ஒருத்தரை ஒருத்தர் பாக்கல. என்ன சொல்ல, எனக்கு அம்புட்டு வெக்கமா இருந்துச்சு. அவளுக்கு எம்புட்டு இருந்திருக்கும்!

நான் முத்துப்பேச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன். முத்துப்பேச்சிகிட்ட மட்டும் சொல்றதுன்னா வளவுக்கே சொல்றதுதான். பொழுது சாயறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு: அக்கா சாப்பிடல, சாப்பிட்டதாச் சொன்னதைத்தான் பூனை கக்குது. நாங்க கூடிப் பேசினோம். நல்லாத்தான் யோசிச்சோம், இப்ப நெனச்சா செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு.

"கேட்டாத்தான அவ பொய் சொல்லணும்? நாம கேக்காம இருந்துட்டா?"ன்னு மெர்சி சொன்னா.

"அதுவுஞ் சரிதான். பூனையும் பொழச்சுக்கும், அக்கா மானமும் தப்பும்"னு முத்துப்பேச்சி சொன்னா.

"பேசாம நாலு வீட்டுலயும் ஆளுக்கு ஒரு தட்டு சோறு கொண்டு போயிக் கொடுத்தா என்ன"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. நாங்க எல்லாரும் அவர்மேல பாஞ்சோம். கேக்காத வீட்டுல சோத்தைக் கொண்டு போயி நீட்டினா அது பிச்சை போடற மாதிரி ஆகாதா? வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லாதவகிட்ட போயி, உனக்கு இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்றதா? மரியாதை தெரியாத ஆளுன்னு நானே அவரைத் திட்டினேன்.

அப்படித்தான் "சாப்டாச்சா"ங்கற அந்தக் கேள்வி எங்க வளவைவிட்டுப் போச்சு. அக்காகிட்ட மட்டும் கேக்காம மத்தவளுககிட்ட கேட்டா அவளுக்குத் தெரிஞ்சிரும்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கறதை விட்டோம். குழாயடியில கூடினா தண்ணி வரத்தைப் பேசினோம், வெயிலைப் பேசினோம், கொசுவைப் பேசினோம், பேச்சு தன்னால சோத்துப் பக்கம் திரும்பினா சட்டுன்னு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். வேலை விட்டு வந்த புருஷன்மார்கிட்ட கேக்க வாய் வரல, அவங்க கை கழுவிட்டு வந்து உக்காந்து, தட்டு தானா வர்ற வரைக்கும் முழிச்சாங்க. ஊர்ல இருந்து என் தங்கச்சி வந்தவ, "வந்து இம்புட்டு நேரமாச்சு, சாப்டியான்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீ"ன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா. குழம்பு கொதிக்கற வாசனை வெளிய போயிரக் கூடாதுன்னு சன்னலை அடைச்சோம். மீன் வாங்கினா பைக்குள்ள பை போட்டு மறைச்சுக் கொண்டு வந்தோம். சாப்பாடுங்கறதே ஏதோ திருட்டுக் காரியம் மாதிரி ஆயிருச்சு.

மேஸ்திரி எங்க முன்னால கக்கல. ஆமா, வெற்றிதான். ஆனா தினம் மத்தியானம் சுயம்பு போன் பண்ணுவான். அக்கா போன் பழசு, காதுல வச்சா கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும், அதனால அவங்க பேசற ஒவ்வொரு வார்த்தையும் எங்க வீட்டுக்குள்ள வந்து விழும்.

"எம்மா, சாப்டியா?"

"ஆச்சு எய்யா. இன்னைக்குப் பாறை மீனு. மிளகு கொஞ்சம் தூக்கலா அரைச்சேன். நீ சாப்டியா?"

"ஆச்சும்மா. எனக்கென்ன, ஓட்டல்காரங்களே கூப்பிட்டுக் கொடுக்காங்க."

பின்ன மோட்டார் சத்தம். நான் தட்டு முன்னால உக்காந்து அதைக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அது குமட்டக் குமட்ட, இந்தப் பக்கம் நான் கையில எடுத்த உருண்டையை வாய்க்குக் கொண்டு போகவும் முடியாம, கீழ போடவும் முடியாம வச்சிருந்தேன். அப்புறம் தின்னேன். தின்னேன்னுதான் சொல்லணும், பசிச்சுது. எதிர்வீட்டுல முத்துப்பேச்சியும் அப்படித்தான் தின்னுருப்பா. எல்லா வீட்டுலயும் அந்நேரம் ஒரு சத்தமும் இருக்காது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், போன் வர்றதுக்கு முன்னால, அக்கா பூனையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு குழாயடிக்கு வந்தா. மேஸ்திரி வெறும் தோலும் எலும்புமா, தலை தொங்க, கண்ணு பாதி மூடிக் கிடந்துச்சு. நாங்க எல்லாரும் அங்கதான் நின்னோம். தண்ணி வரத்தைப் பத்திப் பேச வாயைத் திறந்த முத்துப்பேச்சி அப்படியே மூடிட்டா.

"ஒருத்தியும் என்கிட்ட கேக்க மாட்டீங்களாட்டி?"ன்னு அக்கா கேட்டா. குரல்ல கோவம் இருந்துச்சு. "நான் என்ன செத்தா போயிட்டேன்? தெருவுல போற நாயிகிட்டகூட கேப்பீங்க. இது சாவுதுட்டி. இது என் கையிலயே சாவுது. கேளுங்கட்டி!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எத்தனை ஆயிரம் தடவை கேட்ட கேள்வி, அன்னைக்குத்தான் அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி பயந்து பயந்து கேட்டேன்.

"சாப்டாச்சாக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கிட்டா. கழுத்து நரம்பு ஏறி இறங்குச்சு. அவளும் எதையோ கக்கப் போறான்னு நெனச்சேன்.

"சாப்பிடல"ன்னா. "நேத்தும் சாப்பிடல. ரேஷன் அரிசியை ஒரு நேரம் கஞ்சி காய்ச்சுவேன், அதுவும் முடிஞ்சு போச்சு. பூனைக்குன்னு சொல்லி மீன்காரிகிட்ட தலை வாங்குவேன்லா, அதுல பாதி நாந்தான் திம்பேன். பூனைக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். இதோட வாயில இருந்து பிடுங்கித் தின்னுருக்கேன்." சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா.

மேஸ்திரி கண்ணைத் திறந்துச்சு. தலையை மெதுவாத் தூக்கி, அக்கா கட்டைவிரலை நக்கிச்சு.

நாங்க ஓடினோம். வெக்கம் பிடுங்கித் திங்க ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குள்ள ஓடி, இருக்கற சட்டியை அப்படி அப்படியே தூக்கிக்கிட்டு வந்தோம். மெர்சி வீட்டு நெத்திலிக் குழம்பு, முத்துப்பேச்சி வீட்டு முட்டைக் குழம்பு, எங்க வீட்டுச் சோறும் ரசமும் வாழைக்காய்ப் பொரியலும். குழாயடித் தளத்துலயே பாயை விரிச்சோம். அக்கா நிமிராம சாப்பிட்டா. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணுல இருந்து தண்ணி விழுந்துச்சு. "தனியா எப்படித் திங்க, நீங்களும் போட்டுக்கிட்டு உக்காருங்கட்டி"ன்னா, அதனால நாங்களும் தட்டுல போட்டுக்கிட்டு உக்காந்தோம். மேஸ்திரி ஒரு நெத்திலியைத் தின்னுச்சு. இன்னொண்ணைத் தின்னுச்சு. வெளிய வருமா வருமான்னு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தோம். வரல. அக்காவோட தட்டோரத்தை நக்கிட்டு, காலை நீட்டிப் படுத்துச்சு.

பூனை தப்பிச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் எங்களுக்குப் பேச்சே வந்துச்சு. பேச்சு வந்ததும் என்ன பேசினோம்? சுயம்புவைத் திட்டினோம். எங்க மேல இருந்த அழுக்கைத் துடைக்க ஒரு துணி வேணும்லா, அவன் வசமா ஆப்புட்டான்.

"பெத்தவ பட்டினி கிடக்கா, அவனுக்கு அங்க ஓட்டல் சோறு கேக்குதா"ன்னு முத்துப்பேச்சி ஆரம்பிச்சா.

"ஒரு பொட்டலத்தை விட்டுக் கொடுத்தா அம்மைக்கு ஒரு நாள் அனுப்பலாம். மனுஷனா அவன்?"னு மெர்சி சொன்னா. நானும் சொன்னேன். சவத்து மூதின்னு சொன்னேன், சொல்லாம என்ன.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்கட்டி, அவன் நல்லா இருக்கட்டும்"னு அக்கா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. அந்நேரம் போன் அடிச்சுது. எடுத்துப் பாய் மேல வச்சா.

"எம்மா, சாப்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன் எய்யா. மெர்சி வீட்டு நெத்திலி, முத்துப்பேச்சி வீட்டு முட்டை." எல்லாரும் மேஸ்திரியைப் பாத்தோம். அது அசையல. அக்காவுக்கு லேசாச் சிரிப்புகூட வந்துச்சு. "நீ சாப்டியாய்யா?"

"ஆச்சும்மா, இப்பத்தான். இன்னைக்கு மட்டன் பிரியாணி. சீரகச் சம்பா அரிசிம்மா. நெஞ்செலும்பு போட்டிருந்தான். மேலால அள்ளாத, அடியில இருந்து அள்ளிப் போடுன்னேன், மசாலா அங்கதான இருக்கும். ரெண்டாக் கீறின முட்டை ஒண்ணு, வெங்காயப் பச்சடி, ஓரத்துல கொஞ்சம் கத்திரிக்கா..."

அவன் சொல்லிக்கிட்டே போனான். அச்சு அசலா அவ குரல், அவ இழுப்பு, அவ ருசி. கேக்கக் கேக்க வாயில எச்சி ஊறுச்சு. மேஸ்திரி எந்திரிச்சுது. தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து, போனுக்குப் பக்கத்துல நின்னு, முதுகை வளைச்சுது.

முதல்ல சோறு வந்துச்சு, சின்னச் சின்ன அரிசி, மசாலா ஒட்டி. நெஞ்செலும்பு வந்துச்சு. ரெண்டாக் கீறின முட்டை வந்துச்சு. பச்சடி பாய் மேல வெள்ளையா வழிஞ்சு ஓடுச்சு. ஆவி பறந்துச்சு. முத்துப்பேச்சி முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டா. மெர்சி எந்தப் பக்கம் பாக்கன்னு தெரியாம குழாயைப் பாத்தா. நான் சொன்ன வார்த்தை என் வாய்க்குள்ளயே கசந்துச்சு.

"எம்மா? லைன்ல இருக்கியா? என்ன சத்தம்?"

"மேஸ்திரிதான்யா." அக்கா பூனையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. போன் மேல குனிஞ்சா. "எய்யா, கேளு. நான் இத்தனை நாளும் உன்கிட்ட சொன்னது பூரா பொய். சீலாவும் கிடையாது, பாறையும் கிடையாது. நான் சாப்பிடலய்யா. இப்ப நீ சொல்லு. திரும்பக் கேக்கேன். சாப்டியா?"

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஹாரன் கேட்டுச்சு. ஏதோ ஓட்டல்ல யாரோ, "தம்பி, உன் ஆர்டர் ரெடி, ஆறிடும், சீக்கிரம் எடு"ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு.

"இல்லம்மா"ன்னான் சுயம்பு.

நாங்க தட்டுல இருந்து கையை எடுத்துட்டோம்.